எந்த அறையில் யார் படுத்திருப்பார்?

2023 டிசம்பர் 17, ஞாயிறு. திருச்செந்தூரிலிருந்து இரவு 8.25-க்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து செய்துங்கநல்லூர் போகும் பாதையில் தண்டவாளத்தைத் தாங்கிய ஜல்லியை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் அந்தரத்தில் தொங்கின. வண்டியில் சுமார் 800 பேர். அவர்களில் 300 பேரைப் போல அருகிலிருந்த ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அதற்குள் சாலையும் மூழ்கியது. மீதி 500 பேர் சுற்றிலும் தண்ணீர் நிற்க, நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள்.

திருச்செந்தூருக்கு முருகனைக் கும்பிட வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பலர். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. வேளைக்கு மாத்திரை போட வேண்டிய முதியவர்கள் உண்டு. விடிந்ததும் அவர்களைத் தேடி முதலில் வந்தது பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார். ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டினார்கள். வீட்டிலிருந்த அரிசியையும் காய்கறியையும் திரட்டிச் சமைத்துப் போட்டார்கள்.

500 பேருக்குச் சோறு என்று சொல்வது எளிது. கல்யாண சமையல்காரர்கள் கணக்கில் ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர். அப்படியானால் ஒரு வேளைக்கு 50 கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். அண்டா வேண்டும், கரண்டி வேண்டும், நனையாத விறகோ சிலிண்டரோ வேண்டும். ஆற்று வெள்ளம் ஊருக்குள் நிற்கும்போது நல்ல தண்ணீர் வேண்டும். கடை திறக்கவில்லை, திறந்தாலும் சரக்கு வரப் பாதையில்லை. எடுத்துக் கொடுத்தது அந்தந்த வீட்டின் மாதச் சேமிப்பு. அடுத்து எப்போது அரிசி வாங்கப் போகலாம் என்று தெரியாத வீடுகள் அவை.

விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டதும், பயணிகளைப் பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுசேர்த்து அங்கிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பியதும் அதற்குப் பிறகு நடந்தவை. எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்ப 19-ம் தேதி ஆயிற்று.

> பெட்டிச் செய்தி: ஒரே நாளில் ஓர் ஆண்டு மழை
> 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் மழை மறைவுப் பகுதி. காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் கொட்டியது, மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைத் தாண்டிவிட்டது.

சைரன் வருவதற்கு முன்

எந்தப் பேரிடரிலும் முதல் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது. பேரிடர் ஆய்வாளர்கள் இதை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். ஆபத்து வந்தால் ஜனங்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள், ஒருவரை ஒருவர் மிதித்துக்கொள்வார்கள் என்பது சினிமா சொல்லிக்கொடுத்தது. கள ஆய்வுகளில் தெரிவது வேறு. பெரும்பாலானவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள்.

இதற்கு மிகத் துல்லியமான சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு கோபே நகரையும் அவாஜி தீவையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் சிக்கி உயிரோடு மீண்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். தீயணைப்புப் படை, காவல்துறை, ராணுவம் மூன்றும் சேர்ந்து மீட்டது மிச்சத்தை.

நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தது ஹோகுடான் என்ற சிற்றூர். அங்கே இடிபாட்டுக்குள் சிக்கிய சுமார் 300 பேரையும் அன்று மாலைக்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். இருட்டும்போது, காணவில்லை என்று தேட ஒருவர்கூட இல்லை. மோப்ப நாயோ கருவியோ வந்து நடந்த காரியமல்ல இது. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு வீடும் அத்துப்படி. இந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார், அந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூர் போயிருக்கிறார் என்பது வரை தெரியும். அதனால் கூரையை எங்கே பிரிக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பெருநகரத்தின் அடுக்குமாடிகளில் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பெயர்ப் பழக்கம்கூட இல்லாத இடங்களில் அந்த விவரம் யாரிடமும் இல்லை.

கோபேயை நோக்கி அந்த ஆண்டில் 13 லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் போனார்கள். தன்னார்வலர்களின் முதல் ஆண்டு என்றே ஜப்பானியர் 1995-ஐக் குறிப்பிடுகிறார்கள். ஜனவரி 17 அங்கே பேரிடர் தடுப்பு மற்றும் தன்னார்வலர் நாள். ஆனால் அந்த 13 லட்சம் பேரும் போய்ச் சேர்ந்தது உயிர் காக்கும் நேரம் கடந்த பிறகு. ஹோகுடானின் 300 பேரைக் காப்பாற்றியது, அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் வாசலில் நின்று பேசிய பேச்சு.

படகு லாரியில் வந்தது

சென்னைக்கு இந்தப் பாடம் 2015 டிசம்பரில் கிடைத்தது. டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, அடையாறு கரையேறி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வீதிகளுக்குள் நுழைந்தது. செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, ஏடிஎம்கள் மூடின. பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றவர்கள் அந்த நகரத்தில்தான் இருந்தார்கள். கடலோரக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிவந்து, தெருவில் இறக்கி, மொட்டை மாடிகளில் தவித்தவர்களை அள்ளிக்கொண்டு போன மீனவர்களும் அதே நகரத்தார்தான். மூன்று ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், கேரளத்து மீனவர்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அறுநூற்றுக்கும் அதிகமான படகுகள் மலையடிவார ஊர்கள் வரை போய் 65,000 பேர் வரை மீட்டன.

படகுக்குச் சமமான இன்னொரு வேலை சென்னையில் நடந்தது. அதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. எங்கே யாருக்கு என்ன வேண்டும், எந்த மண்டபத்தில் இடம் இருக்கிறது, எந்தத் தெருவில் படகு வேண்டும் என்பதை இணையத்தில் ஒரே அட்டவணையாகத் தொகுத்து, ஒவ்வொரு எண்ணையும் அழைத்துச் சரிபார்த்தவர்களின் வேலை. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி பரவிய நாட்கள் அவை. நேற்று மீட்கப்பட்டவருக்காக இன்றும் உதவி கேட்டுச் சுற்றிய செய்திகள் எத்தனையோ. வந்த செய்தியை அப்படியே தள்ளிவிடாமல், அந்த எண்ணுக்குப் போன் போட்டு, "ஆள் வந்து கூட்டிப் போயாச்சா?" என்று கேட்டுக் கோடு கிழித்தவர் ஒரு படகின் ஒரு நடையை மிச்சப்படுத்தினார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தபடியே பலர் இதைச் செய்தார்கள்.

> பெட்டிச் செய்தி: கை நீட்டும் முன்
> வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மெயின் சுவிட்ச். அடுத்தது பாம்பு.
> சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக் காய்ச்சல் வரலாம். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அது பரவியபோது, துப்புரவுக்குப் போன தன்னார்வலர்களும் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவர்களின் ஆலோசனையில் வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் அவர்களுக்குத் தரப்பட்டது.
> பழந்துணி அனுப்ப வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து மக்கியது அதுதான். துடைப்பம், பிளீச்சிங் பவுடர், நாப்கின், பாய், கொசுவலை, உள்ளாடை ஆகியவை யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. எல்லா வீட்டுக்கும் தேவைப்படுகின்றன.

வேலிக்கு உள்ளே மட்டும்

அண்டை வீட்டாரின் உதவியைப் புகழ்ந்து எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யார் அண்டை வீட்டார் என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச், 1923-ன் டோக்கியோ, 1995-ன் கோபே, 2004-ன் தமிழ்நாட்டுக் கடற்கரை, 2005-ன் நியூ ஆர்லியன்ஸ் ஆகிய நான்கு பேரழிவுகளை ஒப்பிட்டு 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். அழிவின் அளவு, பணம், அரசு உதவி இவற்றைவிட, மக்களுக்கு இடையே முன்பே இருந்த உறவுதான் ஓர் ஊர் எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அவர் கண்டது அதோடு நிற்கவில்லை. வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் விரைவாக வந்தது. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனங்கள் பேசுவதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார். ஆனால் பயனாளிப் பட்டியலும் அதே பஞ்சாயத்தின் கையில். பட்டியலில் தலித்துகளும், கணவனை இழந்த பெண்களும், வரி கட்டும் உறுப்பினராக இல்லாதவர்களும் விடுபட்டார்கள். முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. உறவு எவ்வளவு இறுக்கமோ, வேலியும் அவ்வளவு உயரம்.

நகரத்தில் இந்த வேலிக்கு வேறு பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர் பல குழுக்களில் இருக்கமாட்டார். காவலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் எந்தக் குழுவிலும் இருக்கமாட்டார்கள். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது தரைத்தளத்தில் காவலாளி படுக்கும் அறை.

நம்பிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

உதவப் போகிறவர் மலர்ந்த மனத்தோடு போக வேண்டும் என்பது எல்லா மேடையிலும் சொல்லப்படும் அறிவுரை. ஆய்வுகளைப் படித்தால் வண்டி எதிர்த் திசையிலும் ஓடுவது தெரிகிறது. மனம் மலர்ந்திருப்பதால் உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். உதவியதால் மனம் தெளிந்தவர்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல.

மனத்தோடு நிற்காமல் ஆயுளையே அளந்தவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி பிரவுனும் சக ஆய்வாளர்களும் டெட்ராய்ட் வட்டாரத்து முதிய தம்பதியர் 423 ஜோடிகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. உறவினருக்கும் நண்பருக்கும் அண்டை வீட்டாருக்கும் கைகொடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உதவி பெற்றதால் அப்படி ஒரு பயன் தெரியவில்லை. 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு கட்டுரை, தன்னார்வப் பணி செய்யும் முதியவர்களின் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவாகத் தெரிவதாகக் கணக்கிட்டது. ஆரோக்கியமாக இருப்பவரால்தானே வெளியே போய் உழைக்க முடியும்? அந்த வேறுபாட்டையும் பிறவற்றையும் கழித்தபோது 47 என்பது 24 ஆகச் சுருங்கியது. பாதி காற்றில் போய்விட்டது, பாதி நின்றது. தொண்டு செய்தால் ஆயுள் கூடும் என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் சுவையான முடிவு ஒன்று 2012-ல் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளி முடித்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு அது. 'எதற்காகத் தொண்டு செய்கிறீர்கள்?' என்று கேட்டுவைத்திருந்தார்கள். பிறருக்காக என்றவர்களிடையே அடுத்த நான்கு ஆண்டுகளில் இறப்பு குறைவு. என் கவலை மறக்க, நான் என்னைப் பற்றி நல்லபடியாக உணர என்றவர்களின் நிலையோ, எதுவுமே செய்யாதவர்களின் நிலையோடு ஒத்திருந்தது. தன் உற்சாகத்துக்காகத் தொண்டு செய்யப் போனவரிடம் அந்த ஆயுள் பயன் தெரியவில்லை.

மனநிலையைக் கெடுத்துக்கொள்ளாமல் துன்பத்தின் அருகில் இருப்பது பயிற்சியால் வரக்கூடியது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் டானியா சிங்கர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பிறர் வலியை அப்படியே தன் வலியாக உணரப் பழகியவர்கள், துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது மேலும் நொறுங்கினார்கள். அதே ஆட்களுக்குப் பிறகு பரிவு, அதாவது அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று அக்கறையோடு நினைப்பது, பயிற்றுவிக்கப்பட்டது. அதன்பின் அவர்களிடம் இதமான உணர்வு கூடியது. கூட உட்கார்ந்து அழுவதும், அழுபவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதைச் செய்கிறவர் அடுத்த வாரமும் வருவார்.

"எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்ற வாக்கியத்தையும் இந்த இடத்தில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. வீடு போனவரிடம் அதைச் சொல்வது பெரும்பாலும் சொல்பவரின் தர்மசங்கடத்தைத் தீர்க்கவே பயன்படுகிறது. ரேஷன் கார்டு நனைந்துவிட்டதா, நகல் வாங்க நாளைக்குத் தாலுகா ஆபீஸ் போகலாமா என்று கேட்பவர் நம்பிக்கை என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை.

ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலர்

அக்கம்பக்க உதவி என்ற இந்த வட்டத்துக்குள் அரசும் வந்திருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழ்நாடு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் இருபது பிள்ளைகள் வரை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களின் ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் தெரு வகுப்புகளின் பங்கு.

அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்களின் பெயர் தன்னார்வலர்கள், கொடுக்கப்படுவது ஊக்கத்தொகை. இலக்கும் மேற்பார்வையும் தினசரி அறிக்கையும் உள்ள ஒரு பணிக்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்தால் மிச்சமாவது சம்பளம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நல்ல மனத்தின் மேல் கட்டிய திட்டம், அந்த மனம் சலிக்கும் நாளில் என்னவாகும் என்பதற்கு அரசாணைகளில் பதில் இல்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

வெள்ளத்துக்கு ஓடிவருவது ஒரு வகையில் சுலபம். ஊரே ஓடுகிறது, முடிவும் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தாண்டாகப் படுக்கையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவுவதில் இந்த இரண்டும் இல்லை. இந்தக் கடினமான கணக்கை இந்தியாவில் ஓரளவு போட்டுக் காட்டியது கோழிக்கோடு.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய மருத்துவர்களும் நண்பர்களும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கு ஒரு சிறிய மருத்துவமனைப் பிரிவைத் தொடங்கினார்கள். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். வரமுடிந்தவர்கள் மட்டும் வந்தார்கள். வலியின் உச்சத்தில் இருப்பவரால் பேருந்து ஏறி வர முடியாதே. மருத்துவமனை வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வேண்டிய மருத்துவர்களோ இல்லை. யோசித்துப் பார்த்ததில், நோயாளியின் நாளில் மருத்துவர் தேவைப்படும் நேரம் கொஞ்சம்தான் என்பது தெரிந்தது. புண்ணைச் சுத்தம் செய்வது, திருப்பிப் படுக்கவைப்பது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், இரவெல்லாம் விழித்த மனைவி இரண்டு மணி நேரம் தூங்குவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் எல்லாம் ஊரார் செய்யக்கூடியவை. 1999 முதல் மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு பகுதிகளில் அக்கம்பக்க வலைப்பின்னலாக இது பரவியது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆசியாவில் ஓர் அரசு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

> பெட்டிச் செய்தி: வாரம் இரண்டு மணி நேரம்
> கோழிக்கோடு முறையில் தன்னார்வலராகச் சேர்கிறவருக்கு 16 மணி நேர வகுப்பு. பிறகு அனுபவமுள்ள குழுவோடு நான்கு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பயிற்சி. அவர் தர வேண்டிய உறுதி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். செலவின் பெரும்பகுதி உள்ளூரில் திரளும் சிறு தொகைகள்.

இந்த 'இரண்டு மணி நேரம்' என்பதில்தான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இருக்கிறது. முழு நேரத்தையும் கேட்டால் தியாகிகள் வருவார்கள், ஆறு மாதத்தில் ஓய்ந்துபோவார்கள். இரண்டு மணி நேரம் என்றால் ஆட்டோ ஓட்டுநர் வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார், கல்லூரி மாணவி வருவார்; போன வாரம் போனவருக்கு முடியாவிட்டால் வேறொருவர் போவார். தனியாக யாரும் எதையும் சுமப்பதில்லை. பார்த்துவிட்டு வந்ததைக் குழுவில் பேசிவிடுகிறார்கள். கதவு திறந்ததும் அறிவுரை சொல்லக் கூடாது, பொய்யான ஆறுதல் சொல்லக் கூடாது, முதலில் கேட்க வேண்டும் என்பது பயிற்சி வகுப்பின் அடிப்படைப் பாடம். நோயைக் குணமாக்க முடியாது என்று தெரிந்தே போகிறவர்கள் இவர்கள். ஆனாலும் குழுக்கள் கால் நூற்றாண்டாகக் கலையவில்லை. வலி நேற்றுக்கு இன்று குறைந்ததா, புண் காய்ந்ததா, அந்த அம்மா தூங்கினாரா என்று அளக்கக்கூடிய சிறிய முன்னேற்றங்களைக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறது அந்த முறை.

நோயாளி இறந்தவுடன் பெயரை அடித்துவிடுவதும் இல்லை. சில வாரம் கழித்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் வருகிறார். அப்படிப் போகும்போது, படுக்கைப் புண் வராமல் இருக்க இரவலாகக் கொடுத்திருந்த வாட்டர் பெட்டும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மடித்து, பதிவேட்டில் அடுத்து எழுதியிருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.